முறைப்படி வேலை இழப்பது எப்படி?

வேலை போவதற்கும் ஒரு தகுதி வேண்டும். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில், வாடகைக் கார் கம்பெனியான ஓலா 1,400 பேரை வீட்டுக்கு அனுப்பியது. இரண்டே மாதத்தில் வருமானம் 95 சதவீதம் விழுந்துவிட்டதாக அதன் நிறுவனர் பவிஷ் அகர்வால் கடிதம் எழுதினார். போனவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதச் சம்பளம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாரப்பள்ளியிலிருந்து பெங்களூரு போய் வாடகைக் கார் ஓட்டும் தம்பிமார்களே, நமக்கு அப்படியொரு கடிதம் வரவில்லையே என்று ஏங்காதீர்கள். நீங்கள் வேலையாள் இல்லை, ‘பார்ட்னர்’. பார்ட்னரை யாராவது வேலையை விட்டுத் தூக்குவார்களா? செல்போனில் சவாரி வராது, அவ்வளவுதான்.

எனவே அடுத்த ஊரடங்குக்கு இப்போதே பழகிக்கொள்ளுங்கள். மஞ்சள் போர்டு வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி உட்கார்ந்துவிடும். பானெட்டுக்குள் புகையிலைத் துண்டு வைத்தால் எலி ஒயரைக் கடிக்காது என்பார்கள். கடித்தாலும் திட்டாதீர்கள். டீக்கடை, ஓட்டல் எல்லாம் மூடிக்கிடக்கும்போது அது எங்கே போகும்? ஆடு பானெட்டில் ஏறிப் படுத்தால் விரட்டவும் வேண்டாம். அன்றைக்கு அந்த வண்டியில் ஏறிய ஒரே ஆள் அதுதான்.

அந்த ஊரடங்கில் வண்டிக் கடன் டியூவை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. வட்டிக்கு மட்டும் ஊரடங்கு இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைச் சந்தையில் அதே ஆட்டை விற்றுக் கட்டலாமென்றால் சந்தையும் மூடியிருந்தது. மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. தாண்டினாலும் ஏற ஆள் வேண்டுமே.

உண்மையில் நீங்கள் செய்த தப்பு, சின்னதாகக் கடன் வாங்கியது. அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் கம்பெனியைப் பாருங்கள். ஏப்ரலில் சுமார் 10,000 பேரை நிறுத்தியது. மே 22-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. போவதற்குச் சில நாள் முன்னால் மேலதிகாரிகளுக்கு 1.6 கோடி டாலர் போனஸ்! கடன் சுமார் 1,900 கோடி டாலர். நீங்கள் இரண்டு டியூ விட்டாலே வீட்டு வாசலில் ஆள் நிற்பான்.

மனம் தளரவேண்டாம். அதே ஆண்டு டிசம்பரில் அதே ஓலா குடும்பத்தின் ஸ்கூட்டர் கம்பெனி தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது: 2,400 கோடி ரூபாய், 10,000 வேலை. இடமும் நம் மாவட்டத்துப் போச்சம்பள்ளிதான். உடனே பயோடேட்டா அடித்துவிடாதீர்கள். மறுவருடம் செப்டம்பரில், தொழிற்சாலை முழுக்கப் பெண்கள்தான் என்று அறிவித்தார்கள். வீட்டுக்காரம்மாவின் பத்தாவது மார்க் ஷீட் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடுங்கள்.