பீலியும் பீதியும்

தாங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதியிலேயே கூரைப் பீலியைத் துப்புரவாக்கி முடித்தேன். இப்போது மறுபடியும் நிரம்பி வழிகிறது. என் வேலையில் என்ன பிழை?
– அவசரக்காரர், ஸ்காபரோ

வேலையில் பிழையில்லை, நாளில்தான் பிழை. அக்டோபர் இரண்டாவது திங்களன்று ரொறன்ரோவின் நோர்வே மேப்பிள் பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். நம் ஊர் சுகர் மேப்பிள் சிவந்து, படமெடுக்கப்பட்டு, கொட்டியும் முடித்த பிறகுதான் அது மஞ்சளாகத் தொடங்கும். நவம்பர் நடுப்பகுதி வரை உதிர்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் பந்தி முடியும் முன்பே இலை எடுக்கப் போய்விட்டீர்கள்.

என் கண்ணுக்கு எல்லாமே மேப்பிள்தான். வாசலில் நிற்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– கொடியில் மட்டும் மேப்பிளைப் பார்த்தவர், மார்க்கம்

பச்சை இலை ஒன்றைக் காம்போடு கிள்ளுங்கள். வெள்ளைப் பால் கசிந்தால் நோர்வே மேப்பிள். இலையில் தார் தெளித்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். அது ஒருவகைப் பூஞ்சை. மரத்தைக் கொல்லாது, அழகைத்தான் கெடுக்கும்.

அப்ப எந்த நாளில் ஏணி வைப்பது? நாள் நட்சத்திரம் பார்த்துச் சொல்லுங்கோ.
– பஞ்சாங்கப் பிரியர், ஏஜாக்ஸ்

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவீர்கள் அல்லவா? அன்று ஏணியைத் தொட வேண்டாம், அண்ணாந்து மட்டும் பாருங்கள். கூரைக்கு எட்டும் மரங்களெல்லாம் மொட்டையாக நின்றால் அந்த வாரமே ஏறலாம். பாதி இலை மிச்சமிருந்தால் இன்னும் ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். அதற்குமேல் பொறுமை ஆபத்து. நனைந்த இலையும் தண்ணீரும் பீலிக்குள் சேர்ந்து உறைந்துவிட்டால், அலுமினியத்தைச் சுரண்டுவதைத் தவிர வேறு ஒன்றும் மிஞ்சாது.

சில மரங்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஓக் மரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். இளம் ஓக் காய்ந்த இலைகளைக் குளிர்காலம் முழுக்கக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். கிங்கோ நேரெதிர். கடும் உறைபனி விழுந்த ஒரே காலையில் மொத்தத்தையும் கொட்டிவிடும். இத்தனை ஒழுங்கான மரத்தை ஏன் தெருவுக்குத் தெரு நடவில்லை என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம். (பெண் மரத்தின் பழ நாற்றம் தெரிந்தவர்கள் சிரிப்பது கேட்கிறது.) வெள்ளைப் பைன் தன் பழைய ஊசிகளைச் செப்டம்பர், அக்டோபரிலேயே உதிர்த்துவிடும். அகல இலை மேலே கிடந்து கண்ணில் படும். ஊசியோ சத்தமில்லாமல் போய்க் குழாய் வாயில் பின்னிக்கொள்ளும்.

வருடத்துக்கு ஒருமுறை போதாதா?
– முழங்கால் வலிக்காரர், பிரம்டன்

பக்கத்தில் சில்வர் மேப்பிள் இருந்தால் போதாது. மே கடைசியில் அதன் விதைகள் ஹெலிகொப்டர்போலச் சுழன்று வந்து இறங்கும். எடுக்காமல் விட்டால் பீலிச் சேற்றிலேயே முளைக்கும். கன்று நட இடமில்லை என்று கவலைப்படுபவர்கள் தவிர மற்றவர்கள் ஜூனிலும் ஒருமுறை பார்க்கவும்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர், மழை பெய்தால் சுவர் ஈரமாகிறது என்கிறார். வாடகையைக் குறைக்கத்தான் சொல்கிறாரோ?
– மேல்மாடி வீட்டுக்காரி, ஸ்காபரோ

வாடகையை விடுங்கள், பீலியைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 100 லீட்டர் தண்ணீர். 2013 ஜூலை 8ஆம் தேதி பியர்சன் விமான நிலையத்தில் பதிவானது 126 மில்லிமீட்டர். அந்த மழை உங்கள் கூரையில் விழுந்திருந்தால் 12,600 லீட்டர். பீலி அடைத்திருந்தால் அது விளிம்பால் வழிந்து நேரே அத்திவாரத்தடியில்தான் இறங்கும். பிறகு சுவருக்குள் வழி தேடும்.

பீலி சுத்தமாக இருந்தும் ஈரம் என்றால், தண்ணீரைக் கீழே கொண்டுவரும் குழாயின் முனையைக் கவனியுங்கள். ரொறன்ரோவில் அந்தக் குழாயை நிலத்தடிக் கழிவுக்குழாயிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்பது சட்டம். 2011இலிருந்து பகுதி பகுதியாக நடைமுறைக்கு வந்தது. பலர் கழற்றியதோடு கடமை முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். முனையில் ஒரு நீட்டுத்துண்டு பூட்டி, தண்ணீர் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளி விழச் செய்யுங்கள். உங்கள் வாடகைக்காரர் நல்லவர். எனக்கென்றால் அவர் இலவச எச்சரிக்கை மணி.

பக்கத்து வீட்டு மரம், என் வீட்டுப் பீலி. இலைக்கு யார் பொறுப்பு?
– வேலிச் சண்டைக்காரர், மார்க்கம்

விழுந்த இலை உங்களுடையது. வாழ்த்துகள்! கோபத்தில் மரத்தில் கை வைத்துவிடாதீர்கள். ஒன்ராறியோவில் எல்லைக்கோட்டில் தண்டு நிற்கும் மரம் இருவருக்கும் பொது. ரொறன்ரோவில், தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் குறைந்தது 30 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும் மரத்தை வெட்ட, அது உங்கள் சொந்த மரமானாலும், நகரசபையின் அனுமதி வேண்டும்.

பீலிக்கு மேல் வலை போட்டால் ஏணியே தேவையில்லையாமே?
– விளம்பரத்தை நம்புபவர், மிசிசாகா

தேவை. வலையைத் துப்புரவாக்க!

ஏணியை எப்படிச் சாய்ப்பது?
– முதல் வீட்டுக்காரர், ஏஜாக்ஸ்

உயரம் 4 அடி என்றால் அடிப்பாகம் சுவரிலிருந்து 1 அடி தள்ளி. 16 அடிக்கு 4 அடி. பீலியில் நேரே சாய்க்காதீர்கள், நசுங்கும். கை எட்டாத இடத்துக்கு எட்டிப் பிடிக்காமல், இறங்கி ஏணியை நகர்த்துங்கள். ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று எட்டியவர்களை அவசர சிகிச்சைப் பிரிவில் நிறையப் பார்க்கலாம்.

விழுந்த இலையை அள்ளிக் கட்ட மகன் 20 டொலர் கேட்கிறான். கொடுக்கலாமா?
– சிக்கனக்காரத் தந்தை, ஸ்காபரோ

கொடுங்கள், ஆனால் பிரவுன் பேப்பர் பையில் கட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நகரசபை வண்டி எடுக்காது. அவிழ்த்து மாற்றிக் கட்ட இன்னொரு 20 கேட்பான்.