ஓட்டவியல்: நெல்லை வழக்கு

இலக்கணம் பிறந்த மலை பொதிகை என்பது மரபு. அம்மலைநீர் குடிப்போர் எதையும் வகைப்படுத்தாமல் விடலாகாது. ஆகலின், கைப்பேசியைக் குருவாகக் கொண்டு புதிதாக ஓடப் புகுவோரின் இலக்கணம் ஈண்டு உரைக்கப்படும்.

அவர் நால்வகையர்: காண்போர், காட்டுவோர், ஈடுசெய்வோர், தேறுவோர் என.

காண்போர் யூடியூபில் ஓடுவோர். குதிகால் முதலில் ஊன்றுவதா, முன்பாதமா என்னும் வழக்கில் இருதரப்பு வாதமும் அறிவார். ஷூவும் வாங்கியாயிற்று. விடிகாலை அலாரத்தை அணைக்கும் வேகத்தில் இவரை மிஞ்சுவார் இலர்.

காட்டுவோர் ஸ்ட்ராவா என்னும் ஓட்டப்பதிவுச் செயலிக்காக ஓடுவோர். 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடக்கையில் கீழே தாமிரபரணி போவதைப் பாரார். திரையில் கோடு நீள்வதைப் பார்ப்பார். இவரை இகழற்க. நண்பர் இட்ட கட்டைவிரல் மறுநாளும் எழுப்பிவிடும். அது நின்ற வாரம் ஓட்டமும் நிற்கும்.

ஈடுசெய்வோர் மாலையில் டவுன் நோக்கி ஓடுவோர். எழுபது கிலோ உடம்பு 3 கி.மீ. ஓடினால் ஏறத்தாழ 210 கலோரி செலவாகும். இருட்டுக்கடையில் நூறு கிராம் அல்வா அதை வட்டியோடு திருப்பித் தரும்.

தேறுவோர் காவலர் தேர்வுக்கு ஓடுவோர். பாளையங்கோட்டை மைதானங்களில் இருட்டோடு வருவர். எழுத்துத் தேர்வுக்குக் கைப்பேசியில் படிப்பர். கால்தேர்வுக்கு மண்ணில் படிப்பர். ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். இவர்க்கு ஊக்கவுரை மிகை. என்னை? நேரம் தவறினால் வேலை இல்லை, ஆகலின்.

இனி, இணையவழிக் கல்வி இருவகைத்து: தலையை நிரப்புவது, ஆளை எழுப்புவது. பின்னதற்கு எடுத்துக்காட்டு, 1996இல் ஜோஷ் கிளார்க் வகுத்த 'கவுச் டு 5கே' என்னும் ஓட்டப்பயிற்சித் திட்டம். ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரத்தில் 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை, மாறிமாறி இருபது நிமிடம். "இவ்வளவுதானா?" என்று தோன்றும், அந்த அலட்சியமே ஆளை மைதானத்துக்குக் கொண்டுசேர்க்கும். இடையில் ஓய்வுநாள் வைத்ததும் காரணத்தோடுதான். மூச்சு சில வாரங்களில் பழகும். தசைநாணும் எலும்பும் மெல்லத்தான் பழகும். பொறுக்காதவர்க்கு முழங்காலின் கீழ் முன்னெலும்பு வலிக்கும். வலித்தவர் மீண்டும் காண்போர் ஆவர்.

புறனடை: மேற்கூறிய நால்வரும் ஒரே கேள்வியால் நிலைபெறுவர். இளையோர்க்கு அது "ஏலே, நேத்து எங்கல போன?" என வரும், மூத்தோர்க்கு "அண்ணாச்சி, நேத்து ஆளையே காணோமே?" என வரும். செயலி அனுப்பும் நினைவூட்டலை விரலால் தள்ளிவிடலாம். கேட்டவர் முகத்தை அவ்வாறு தள்ள இயலாது. ஆகவே வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் பாடம் அனுப்புவோர் நூலகர். வராதவரைப் பேர்சொல்லிக் கேட்பவரே ஆசிரியர் என்க.