இறுகிப்போன ஸ்டீயரிங்

பழைய வண்டியின் பவர் ஸ்டீயரிங் ஒரே நாளில் கெடுவதில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். ஓட்டுபவரின் தோளும் கூடவே பழகிக்கொள்ளும். ஊரிலிருந்து வந்த மச்சினன் வண்டியை எடுத்துத் தெருமுனையில் திருப்பிவிட்டு, "என்ன மாமா, செக்கு ஆட்டுற மாதிரி இருக்கு?" என்று கேட்கும்போதுதான் கோளாறு வெளியே தெரியும்.

1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்த ஹைட்ராலிக் ஏற்பாடு எளிமையானது. என்ஜின் பெல்ட் ஒரு பம்பைச் சுழற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளும். கை எந்தப் பக்கம் முறுக்குகிறதோ, அந்தப் பக்கம் உதவி போய்ச் சேரும்படி ஒரு வால்வு எண்ணெயைத் திருப்பிவிடும்.

சோதனையை முன் டயரின் காற்றிலிருந்து தொடங்குவதே முறை. காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும். பெட்ரோல் பங்கிலேயே வைத்தியம் முடிந்துவிடும். உரிமையாளரோ நேராக, சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டமான ராக்கில்தான் தொடங்குவார். எதிர்வீட்டுக்காரர் போன மாதம் ராக் மாற்றியிருப்பார்.

அடுத்தது எண்ணெய் டப்பா. பல வண்டிகளில் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான சிவப்பு ஏடிஎஃப் எண்ணெய்தான் பவர் ஸ்டீயரிங்குக்கும். அது கறுத்துக் கருகல் வாடை அடித்தால் வயதாகிவிட்டது. நுரைத்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. எந்த எண்ணெய் என்பதை மூடியோ கையேடோ சொல்லும். ஆனால் பழைய வண்டியில் கையேடு இருக்க வேண்டிய இடத்தில் காலாவதியான இன்ஷூரன்ஸ் தாளும் விபூதிப் பொட்டலமும்தான் இருக்கும். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் கெட்டுப்போகும். அளவு குறைந்திருந்தால் ஒழுக்கு நிச்சயம். இரவில் வண்டிக்கடியில் செய்தித்தாள் விரித்தால் காலையில் சொட்டு தெரியும். சொட்டே இல்லையென்றாலும் நம்பிவிடக் கூடாது. ராக்கின் இருமுனை ரப்பர் உறைகளுக்குள் எண்ணெய் ஒளிந்திருக்கலாம்.

பிறகு சத்தம். இதை உரிமையாளர் வாயாலேயே போட்டுக் காட்டுவார். முழுக்கத் திருப்பும்போது "கிரீச்" என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. என்ஜின் வேகத்தோடு ஏறும் முனகல் என்றால் பம்ப் காற்றை விழுங்குகிறது. பெரும்பாலோர் வாயில் இரண்டுமே ஆட்டோ ஹாரனாகத்தான் வரும் என்பதால் மெக்கானிக் தானே காது கொடுப்பது நல்லது. காற்றை வெளியேற்ற, முன்சக்கரங்களைத் தூக்கி, என்ஜினை அணைத்து, ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி பலமுறை திருப்பி, எண்ணெய் இறங்க இறங்க ஊற்ற வேண்டும்.

ஐடிலில் கனத்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் லேசாவது பெல்ட் அல்லது பம்பின் பலவீனம். ஒரு பக்கம் மட்டும் கனப்பது வால்வு அல்லது ராக் சீல். காலையில் மட்டும் இறுகி, சூடேறியதும் சரியாவது 1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பேர்போன நோய்: வால்வின் வளையங்கள் அலுமினிய உறையைத் தேய்த்துப் பள்ளமாக்கிவிடும். ஆபீஸ் கிளம்பும் கணவர்களிடமும் இதே அறிகுறி உண்டு, காரணம் வேறு.

சக்கரத்தைத் தூக்கி, என்ஜினை அணைத்துத் திருப்பும்போதும் எங்காவது சிக்கினால், பம்ப் நிரபராதி. பால் ஜாயின்டுகளையும் ஸ்டீயரிங் தண்டின் மூட்டுகளையும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் தேறிய பிறகே ராக்கின் முறை. பம்ப் மாற்றினால் பழைய எண்ணெயை முழுக்க வடித்துக் குழாய்களைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பழைய பம்ப் விட்டுப்போன இரும்புத்தூள் புதியதையும் அரித்துவிடும்.