கைக்குட்டையின் வம்சாவளி

கேள்வி: திருவனந்தபுரத்திலிருந்து கோட்டாறு சென்று, புனிதர் தேவசகாயத்தின் கல்லறையில் கைக்குட்டையை வைத்து எடுத்து வருவது வெறும் பழக்கம்தானா? (வாசகர், திருவனந்தபுரம்)

பதில்: அன்று, அது தொன்மையான வழிபாட்டு மரபு. பவுலின் உடலில் பட்ட துணிகள் நோயாளிகளிடம் கொண்டுசெல்லப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் நூலின் 19ஆம் அதிகாரமே கூறுகிறது. திருப்பண்டம், அதாவது புனிதரின் உடலாகவோ உடலைத் தொட்டதாகவோ போற்றப்படும் பொருள், எலும்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பேரரசி கான்ஸ்டன்டினா பவுலின் தலையைக் கேட்டபோது, திருத்தந்தை முதலாம் கிரகோரி 594இல் மறுத்தெழுதிய மடலில், உரோமையர் புனித உடல்களைத் தொடுவதில்லை என்றும், ‘பிராந்தேயும்’ எனப்பட்ட துணியைப் பேழையில் இட்டு உடலருகே வைத்தெடுப்பதே வழக்கம் என்றும் விளக்கினார். அதை ஐயுற்ற கிரேக்கர் முன் திருத்தந்தை லியோ துணியைக் கத்தரித்தபோது குருதி கசிந்தது என்ற மரபுச் செய்தியையும் சேர்த்தார். பேதுருவின் கல்லறைக்குள் இறக்கிய துணி, நோன்பிருந்து வேண்டியவரின் விசுவாசத்துக்கேற்ப எடை கூடி வந்ததாகத் தூர் நகர கிரகோரி எழுதியுள்ளார். தராசில் ஏறியது நூலன்று, நம்பிக்கை. புனித உடலைக் கூறுபோடாமலே அதன் அருகாமையைப் பலருக்கும் பகிர்ந்தளித்த இவ்வழி எத்துணை மென்மையானது! 1752இல் கொல்லப்பட்ட தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டது 2022இல்தான். அவர் கல்லறையைத் தொடும் கைக்குட்டையின் வம்சாவளியோ ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு நீளம்.