ஒன்று கேட்டால் இரண்டு

மலேசியாவின் கேமரன் மலையில் கியா பார்ம் பக்கத்துத் தேயிலைக்காரர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. 'இரண்டு இலை, ஒரு கொழுந்து' என்று என்றோ யாரோ சொன்னார்கள், எல்லாரும் கிள்ளினார்கள். ஒரு துணைக்குழு உண்டா? வரைவறிக்கை உண்டா?

நம் கணித்தமிழ் ஆர்வலர்கள் அப்படி அவசரப்படவில்லை. எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் என்று தமிழ் செழித்திருந்த காலத்தில், பொதுத்தரம் ஒன்று வேண்டுமென்று 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடினார்கள். ஒன்று கேட்டவர்களுக்குத் தாராளமாக இரண்டு கிடைத்தன: டாம், டாப். தன்னார்வலர்கள் ஏற்கெனவே உருவாக்கிய டிஸ்கியும் இருந்ததால் யாருக்கும் குறையில்லை. 2001இல் கோலாலம்பூரிலும் மாநாடு கூட்டிப் பேசினார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அது தனிமையில் வாடக்கூடாதே என்று டேஸ்-16ஐயும் துணைக்கு அனுப்பியது. என்ன கரிசனம்!

டெபியன் இயங்குதளத்தை உருவாக்கும் தன்னார்வலர்கள் இன்னும் பக்குவப்பட்டவர்கள். மென்பொருள்கள் குறிப்பிட்ட ஒரு துவக்க நிரலையே நம்பியிருக்கலாமா என்று 2014இல் மாதக்கணக்கில் மோதினார்கள். பின்பு முறைப்படி, தங்கள் திட்டத்தின் அரசியலமைப்பின்படி, பொதுத்தீர்மானத்துக்கு வாக்களித்தார்கள். வென்ற தெரிவு: 'பொதுத்தீர்மானம் தேவையில்லை.'

2019இல் மறுபடியும் வாக்கெடுத்தார்கள்.