எண்ணெய் உறிஞ்சியல்: ஒரு முன்னாய்வு

கார் எஞ்ஜினின் பழைய ஆயிலை வெளியேற்றும் நெறி இரண்டு. கீழ்நெறியாவது, காருக்கு அடியில் படுத்து, ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, ஆயிலை முகத்தில் வாங்குவது. மேல்நெறியாவது, டிப்ஸ்டிக் செருகும் குழாய்க்குள் மெல்லிய டியூபை இறக்கி, கைப்பம்பால் வெற்றிடம் உண்டாக்கி, டப்பாவில் வாங்குவது. கீழ்நெறிக்குச் சான்று துவைத்தும் போகாத சட்டைகள். இக்கட்டுரை மேல்நெறியையே ஆராயும்.

பம்ப் ஆயிலை இழுக்கிறது என்பாரும் உளர். அது பிழை. சம்பில், அதாவது எஞ்ஜினின் அடித்தொட்டியில், கிடக்கும் ஆயிலின் மேல், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ வீதம் அழுத்தும் வெளிக்காற்றே அதை டியூபுக்குள் தள்ளுகிறது. 1650-களில் ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகர மேயர் ஓட்டோ வான் கேரிக் இரண்டு செம்பு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை எடுத்துவிட்டு, 16 குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்தார், வெளிக்காற்றின் பிடியை எதிர்த்துக் குதிரைகள் திணறின. நம் பார்க்கிங்கில் குதிரை இல்லை. ஆனாலும் கட்டுரையில் ஓர் ஐரோப்பியராவது வராவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார்.

காலம்: எஞ்ஜின் சற்றே ஓடி, ஆயில் இளஞ்சூடாக இருக்கும் பொழுது. இடம்: சமதரை.

இனி மையச் சிக்கல். டியூப் சம்பின் அடியைத் தொட்டதா என்பதை எவ்வாறு அறிவது? விரலில் 'டக்' என்று தட்டுப்பட்டால் தொட்டது என்பர் தொடுகைவாதிகள். அது அடியன்று, டியூப் உள்ளே மடங்கிய இடமே என மறுப்பர் வளைவுவாதிகள். 'கொர்' என்னும் ஓசை எழும்வரை பம்ப் அடிப்போம் என்பர் ஓசைவாதிகள். எங்கள் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அச்சேறாத தம் வாய்மொழி உரையில் (திருத்திய பதிப்பு: மறுநாள் காலை, பால் பூத்) கொர்ரை முற்று, எச்சம் என இரண்டாக வகுக்கிறார். ஆயில் தீர்ந்து எழுவது முற்று. ஆயில் மிச்சமிருக்க, டியூபின் நுனி மட்டும் காற்றைக் குடித்து எழுவது எச்சம். எச்சம் கேட்டால் டியூபை ஒரு விரற்கடை தூக்கி, திருப்பி, மீண்டும் இறக்குக என்பது அவர் விதி. தரைத்தளத்தார் 'களக்' என்று பாடங்கொள்வர். எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள்கொள்ளும் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் தரைத்தளக் களக்கைத் தூக்கிக்கொண்டுபோய் மூன்றாம் மாடிக் கொர்ரோடு மாட்டியிருப்பார்.

எடுத்த ஆயிலை அளந்து, காரின் கையேட்டில் போட்டிருக்கும் கொள்ளளவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய விடை கிடைத்துவிடும். இம்முறையை எந்தப் பள்ளியாரும் ஏற்கவில்லை. ஏற்றால் கருத்தரங்கு எப்படி நடக்கும்?

ஆயில் ஃபில்டர் பல கார்களில் அடியிலிருந்துதான் கைக்கு எட்டும். மேல்நெறியார் இதுபற்றி வாய் திறப்பதில்லை.

பிரேக் ஆயில் தனி இயல். பம்பால் எடுக்க முடிவது ரிசர்வாயரில் இருப்பதை மட்டுமே. பைப்பில் கிடப்பதை வீல் பக்கம் பிளீட் செய்துதான் எடுக்கவேண்டும். இது காற்றின் ஈரத்தைக் குடிக்கும் திரவம். டாட் 4 வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியபின் விதிப்படி 155 இருந்தாலே போதும். எஞ்ஜின் ஆயில் பட்ட டியூபை இதில் விடக்கூடாது, ரப்பர் சீல் ஊதிவிடும். இவ்வியலுக்கு மறுப்புரை எழுத இதுவரை எந்தப் பள்ளியாரும் முன்வரவில்லை.