பாலிசிக்காரர் கேட்ட ஜாதகம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாதா மாதம் 15-ஆம் தேதிக்குள் தொழிலாளர்களின் இஎஸ்ஐ பணத்தைக் கட்டி, சலானைப் பிரின்ட் எடுத்து ஃபைலில் கோப்பது என் வேலைகளில் ஒன்று. "சம்பளத்துல முக்கால் பர்சென்ட் உங்களுது, மூணேகால் பர்சென்ட் மொதலாளியுது, வீட்டுல இருக்கறவங்களுக்கும் சேர்த்து வைத்தியம்" என்று புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். கட்டிங் மாஸ்டர் முதல் செக்கிங் அக்கா வரை ஆஸ்பத்திரிச் செலவென்றால் என் மேசைக்குத்தான் வருவார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு சமீபகாலம்வரை எந்தக் காப்பீடும் இருக்கவில்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

இல்லாமல் போனதல்ல, இருந்ததைத் தொலைத்தேன். நான் திருநம்பி. இஎஸ்ஐ அட்டை போட்டபோது பழைய பெயர், பழைய போட்டோ, பாலினம் பெண். டிஸ்பென்சரியில் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால் போதாதா? பெயரைத்தான் கூப்பிடுவார்கள், அதுவும் கணீரென்று. தாடி வைத்த ஒருத்தன் அந்தப் பெயருக்கு எழுந்து நடக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. மாதம் தவறாமல் பிடித்தத்தைக் கட்டிவிட்டு, காய்ச்சலுக்கு மெடிக்கலில் சொந்தக் காசில் மாத்திரை வாங்கி விழுங்கினேன். கணக்கு எழுதுகிறவன் செய்கிற காரியமா இது?

அத்தோடு நிற்கவில்லை. மொதலாளியிடம் தீபாவளிக்குத் தீபாவளி கெஞ்சி, சம்பளத்தை 22,000 ஆக்கிக்கொண்டேன். இஎஸ்ஐ வரம்பு மாதம் 21,000. நடுவில் சம்பளம் ஏறினாலும் அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும்வரை பிடித்தம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். அதை நிறுத்தும் பட்டனையும் கம்பெனியில் நான்தான் அமுக்க வேண்டும். அமுக்கினேன். அன்று சாயங்காலம் புரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடியதாக ஞாபகம். ஒரு ஆயிரம் ரூபாய்க்காகப் போனது என்ன என்று அப்போது கணக்குப் போடவில்லை.

இனிமேல் தனியார் பாலிசிதான் வழி என்று ஆனதும் ஏஜென்ட் அண்ணன் ஒருவரைப் பிடித்தேன். நல்ல மனிதர். கம்பெனிக்கே வந்து, டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "தம்பி, கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆயிருந்தா ஃபேமிலி ஃப்ளோட்டரா போட்டுக்கலாம்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். சுற்றிலும் நாலு பேர் இருந்தார்கள். என்னை ஒரு ஆண்பிள்ளையாக மதித்துக் கேட்கிறாரே என்ற பெருமிதத்தில், "பாத்துட்டு இருக்காங்கண்ணா" என்று சொல்லி வைத்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது. "எந்த ஊருங்க? என்ன கூட்டமுங்க?" பாலிசி போடுவது அவருக்குப் பகல் வேலை, வரன் பார்ப்பதுதான் உயிர் என்று அப்புறம் தெரிந்தது. "ஜாதகத்தை வாட்ஸ்அப்புல போடுங்க தம்பி, ரெண்டையும் ஒண்ணா முடிச்சரலாம்" என்று எழுந்து போனார். என் ஜாதக நோட்டு ஊரில் பீரோவுக்குள் இருக்கிறது. அதன் முதல் வரியே 'பெண் மகவு சுப ஜனனம்' என்றுதான் ஆரம்பிக்கும். அதை எந்தப் பொண்ணு வீட்டுக்கு அனுப்புவது? அன்றிலிருந்து அவர் பைக் சத்தம் கேட்டால் நான் கோடவுனுக்குள் போய்விடுவேன். பாலிசி போட வந்தவரிடம் இருந்து ஒளிந்ததில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிப்போனது. மனிதர் மட்டும் சளைக்காமல் வரன் அனுப்பிக்கொண்டே இருந்தார். அதில் ஒன்றிரண்டு நல்ல இடங்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அரசுக் காப்பீடு இல்லையா என்று கேட்பீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. என் சம்பளத்துக்குத் தனியாகக் கிடைக்காது. குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் இருக்கிறவர்கள். கார்டு அப்பாவிடம். அதில் நான் மகள். அப்பாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. ஆக, என் இலவச வைத்தியத்தின் சாவி, என்னோடு பேசாத ஒருவரின் சட்டைப்பையில் இருந்தது.

ரேஷன் கடைகளில் எல்லோரும் கைரேகை வைக்க வேண்டும் என்று வந்த சமயத்தில் அம்மா போன் செய்தாள். இப்போதெல்லாம் அம்மா என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "கண்ணு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். "கார்டுல பேரு இருக்குது, ஒரு எட்டு வந்து ரேகை வெச்சுட்டுப் போயிரு கண்ணு." கடை சாத்தும் நேரமாகப் பார்த்துப் போனேன். கடைக்காரர் புது ஆள். மெஷினைப் பார்த்துப் பழைய பெயரைப் படித்து, "அவங்க வரலீங்களா?" என்றார். "நான் அவங்க அண்ணன்" என்றேன். அண்ணன் வைத்தால் ஆகாது, அவங்கதான் வரணும் என்றார். நியாயம்தானே. வரிசையில் யாரும் இல்லை. "சும்மா வெச்சுப் பாக்கறேனுங்க" என்று கட்டைவிரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மெஷினைத் தட்டினார். "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே ரேகையா இருக்குமுங்களா?" என்று நிஜமாகவே சந்தேகம் கேட்டார். "ரெட்டைப் பிள்ளைங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். கைரேகை இரட்டையர்களுக்குக்கூட ஒன்றாக இருக்காது என்று பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

2022 ஆகஸ்டில் தேசிய சுகாதார ஆணையமும் சமூகநீதி அமைச்சகமும் ஒப்பந்தம் போட்டன. திருநர் அடையாளச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆயுஷ்மான் பாரத் வழியாக ஆண்டுக்கு 5 லட்சம், பாலின அறுவை சிகிச்சையும் சேர்த்து. செய்தியை எனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினேன். கூடவே ஒரு கைதட்டல் பொம்மை. விண்ணப்பம் மட்டும் போடவில்லை. வேறு அரசுத் திட்டத்தில் பலன் பெறாதவர்களுக்கு என்று அதில் ஒரு வரி இருந்தது. அப்பாவின் கார்டில் இருந்து பெயரை நீக்கிவிடலாம் என்று ரேஷன் இணையதளத்தைத் திறந்தால், ஓடிபி அப்பாவின் செல்லுக்குப் போகிறது. ஒரு போன் செய்து "அந்த நம்பரைச் சொல்லுங்கப்பா" என்று கேட்டிருக்கலாம். செய்யவில்லை. அரசாங்கத்தின் மேல் கோபப்பட்டு ஒரு நீளமான பதிவு எழுதினேன். அது சுலபமாக இருந்தது.

கலெக்டர் கையெழுத்தோடு திருநர் சான்றிதழ் என்னிடம் இருந்தது. 2019 சட்டப்படி தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்து வாங்கியது. அறுவை சிகிச்சை முடிந்த பிறகு 'ஆண்' என்று திருத்திய சான்றிதழும் வந்தது. அதை வைத்து ஆதார், பான், பேங்க் என்று வரிசையாக மாற்றிக்கொண்டு வந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் எனக்கு நியூமராலஜி ஆசை வந்தது. ஒரு பிறவியில் இரண்டாவது முறை பெயர் வைக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், அதை ராசியாக வைத்துவிடலாமே என்று, ஆதாரில் பெயரின் நடுவில் ஒரு 'எச்' சேர்த்தேன். பான் கார்டில் சேர்க்க மறந்தேன். பேங்க்கில் பழைய பெயரே இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியின் கேஒய்சி மூன்று பேரையும் பார்த்து மிரண்டு கதவைச் சாத்திக்கொண்டது. ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்றலாம், பாலினத்தை ஒரே முறை. என் இரண்டாவது வாய்ப்பு அந்த 'எச்'சை எடுப்பதற்குச் செலவானது.

இத்தனைக்கும் நடுவே என்னிடம் ஒரு பலமான சாக்கு இருந்தது. பிரீமியத்துக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. "நோய்க்கு வரி போடுற நாடுங்க இது" என்று டீக்கடையில் முழங்குவேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு அந்த வரியே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு என்னவோ போல் இருந்தது. வேறு சாக்கு உடனே கிடைக்காததால் ஆன்லைனில் பாலிசி விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.

முன்பு ஏதாவது அறுவை சிகிச்சை உண்டா என்று ஒரு கேள்வி. மறைத்தால் பின்னால் க்ளெய்மை நிராகரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், நானே பத்துப் பேருக்குச் சொன்ன புத்திதான். எனவே 'ஆம்' போட்டேன். விவரம் கேட்ட கட்டத்தில் கை நடுங்கியது. 'நெஞ்சில் ஒரு அறுவை சிகிச்சை' என்று நாசூக்காக எழுதினேன். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அடுத்த நாளே போன். "சார், பைபாஸா, வால்வா? ஸ்டென்ட் வெச்சிருக்காங்களா?" நான் உளறினேன். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் மூன்றும் எடுத்து வரச் சொல்லிவிட்டார்கள். லேபில் டெக்னீஷியன் சட்டையைக் கழற்றச் சொன்னார், மார்பின் கீழே இரண்டு பக்கமும் ஓடும் தழும்பைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஜெல்லைத் தடவி ஒயர்களை ஒட்டினார். இல்லாத இதய நோய்க்காக டிரெட்மில்லில் மூச்சு வாங்க ஓடினேன். ரிப்போர்ட்டில் இதயம் குதிரை மாதிரி இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியின் டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டு, "எல்லாம் நார்மலா இருக்கே, அப்ப என்ன ஆபரேஷன்தான் அது?" என்றார். வேறு வழியில்லாமல் சொன்னேன். "அதை அப்படியே எழுதியிருக்கலாமே சார்" என்றார். இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. பாலிசி வந்துவிட்டது.

வந்த பாலிசியைப் படித்தேன். பணம் கட்டிய பிறகு படிப்பதுதான் நம் வழக்கம். பணம் தர மாட்டோம் என்கிற விலக்குகளின் பட்டியலில் ஏழாவதாக, உடலின் தன்மைகளை எதிர்ப்பாலினத்துக்கு மாற்றும் எந்தச் சிகிச்சைக்கும் கிடையாது என்று இருந்தது. ஆறாவது உடல் பருமன் குறைப்பு. எட்டாவது அழகு அறுவை. ஒன்பதாவது சாகச விளையாட்டு. தொப்பைக்கும் அழகுக்கும் நடுவில் எங்களுக்கு ஓர் இடம். இது அந்தக் கம்பெனியின் குசும்பு அல்ல. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமான ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பரில் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே வாசகமாக வகுத்துக் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த திருநர் சட்டத்தின் 15-ஆம் பிரிவோ, பாலின அறுவைக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் சேர்த்து விரிவான காப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்றது. வலது கை எழுதியதை இடது கை பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவையை இலவசமாகச் செய்கிறார்கள், இந்தியாவுக்கே நாம்தான் முன்னோடி. நான் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துத் தனியாரிடம் செய்துகொண்டவன். அதனால் அதைப் பற்றி ரொம்பப் பேச எனக்கு வாயில்லை.

விலக்கை எடுத்துவிட்டாலும் பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ரத்தப் பரிசோதனை, டாக்டர் பீஸ் என்று எங்கள் செலவு சில்லறை சில்லறையாகப் போகிறது. பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும்.

இன்னொரு பட்டியல், 24 மாதம் காத்திருக்க வேண்டிய நோய்கள். அதில் விரைவீக்கம், புராஸ்டேட் வீக்கம், கர்ப்பப்பை அகற்றல் எல்லாம் ஒன்றாக இருந்தன. எனக்குக் கடைசியில் உள்ளதுதான் பொருந்தும். பாலிசியில் நான் ஆண். ஒரு வேளை தேவைப்பட்டால் க்ளெய்ம் வருமா என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். "உங்க மனைவிக்குங்களா சார்?" என்று அந்தப் பெண் இனிமையாகக் கேட்டாள். எனக்குத்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். பக்கத்தில் பேக்கிங் பையன் நின்றிருந்தான். "ஆமாங்க, மனைவிக்கு" என்றேன். "அப்ப அவங்களையும் பாலிசியில சேர்த்துக்கணும் சார், டீடெய்ல்ஸ் சொல்லுங்க." போனை வைத்துவிட்டேன். ஏஜென்ட் அண்ணன் அனுப்பிய வரன்களில் ஒன்றைச் சரி என்று சொல்லியிருக்கலாம் போலிருந்தது.

பாலிசி போடப் போகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்: முதலில் சான்றிதழ், அடுத்து ஆதார், பிறகு பான், பேங்க், கடைசியில் பாலிசி. எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து. படிவத்தில் அறுவையின் பெயரை மருத்துவச் சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். கர்ப்பப்பை, சினைப்பை, புராஸ்டேட் பற்றிய சந்தேகத்தை ஈமெயிலில் கேட்டுப் பதிலைப் பத்திரமாக வையுங்கள். பாலிசி பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அதற்குள் படித்துவிடுங்கள். சம்பளம் 21,000-ஐத் தாண்டும்போது மொதலாளியிடம் ஆயிரம் ரூபாயோடு நின்றுவிடாமல், பிரீமியத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஐஆர்டிஏஐக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: அந்த ஏழாம் விலக்கை எடுத்துவிடுங்கள்.